அலைன்மென்ட் பார்த்தும் டயர் தேய்ந்த கதை

காரின் முன் இடது டயர் வெளியிலிருந்து பார்க்க புதுசு போலத்தான் இருந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து உள்பக்கம் எட்டிப் பார்த்தால், ஓரத்தில் பட்டனே இல்லை, மொட்டை. சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் பார்த்து இரண்டு மாசம்கூட ஆகவில்லை!

காற்று குறைந்தால் இரண்டு ஓரமும் தேயும், அதிகமானால் நடுவில் தேயும். ஒரே ஓரம் என்றால் கோணம்தான் தப்பு. உள்ளங்கையை டயரின் குறுக்கே தடவினேன். ஒரு பக்கமாகப் போகும்போது வழவழ, திரும்பி வரும்போது ரம்பம் போல உரசியது. டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம், கெட்டுப்போனதற்கு அது ஒன்றே சாட்சி.

திரும்ப அலைன்மென்டுக்கு 500 ரூபாய் அழ மனசு வரவில்லை. ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்கினேன். கடிகாரத்தில் 3, 9 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டினால் 'டக் டக்' என்றது. 12, 6-இல் ஆட்டமே இல்லை. மெக்கானிக் குனிந்து பார்த்துவிட்டு, "டை ராட் எண்டு போச்சுண்ணே. இதை மாத்தாம எத்தனை தடவை அலைன்மென்ட் பண்ணாலும் நிக்காது" என்றார். ஸ்டியரிங்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் கம்பியின் முனையில் இருக்கும் மூட்டுதான் அது. முதல் கடையில் இதை ஆட்டிக்கூடப் பார்க்கவில்லை என்பதுதான் எரிச்சல்.

இரண்டு பக்கமும் எண்டு மாற்றி, அதற்குப் பிறகே அலைன்மென்ட். அந்த டயர் போனது போனதுதான். ஸ்டெப்னியை முன்னால் போட்டிருக்கிறேன். 4,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது, தடவினால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்குகிறது.