விளம்பர நாயா, காப்பக நாயா? தேதியைப் பார்த்துத் தத்தெடுப்பது எப்படி

ஆன்லைன் விளம்பரத்தில் பொய் அதிகம், காப்பகத்தில் தொற்று அதிகம். இரண்டு இடத்திலும் ஏமாறாமல் இருக்க மூன்று தேதிகள் போதும்: நாய் பிறந்த தேதி, ஊசி போட்ட தேதி, இப்போது இருக்கும் இடத்துக்கு அது வந்து சேர்ந்த தேதி. சென்னையை மனதில் வைத்து எழுதியது இது. மற்ற ஊர்களிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

1. குட்டி வேண்டுமா, வளர்ந்தது வேண்டுமா?

முதன்முறை வளர்ப்பவர்களுக்கு ஒன்று, ஒன்றரை வயது நாட்டு நாய்தான் சரி. எவ்வளவு பெரிதாகும், ஆட்களைப் பார்த்தால் என்ன செய்யும் என்பதெல்லாம் கண்ணெதிரே தெரியும். கருத்தடையும் பெரும்பாலும் முடிந்திருக்கும். குட்டி என்றால் முதல் மூன்று மாதம் வீட்டில் யாராவது ஒருவர் பகலில் இருந்தே ஆக வேண்டும். ஹஸ்கி போன்ற குளிர்தேச நாய்களை இலவசமாகக் கொடுத்தாலும் நம் வெயிலுக்கு வேண்டாம். "இலவசமாகத் தருகிறோம்" விளம்பரங்களில் அவை அடிக்கடி தலைகாட்டுவதே அதனால்தான்.

2. விளம்பரத்தை வடிகட்டுவது

படத்தை கூகுள் லென்ஸில் போடுங்கள். அதே குட்டி நாலு ஊரில் நாலு பெயரில் வந்தால் அங்கேயே விட்டுவிடலாம். அடுத்தது வீடியோ கால்: குட்டி தாயோடு இருப்பதைக் காட்டச் சொல்லுங்கள். "தாய் வேறு வீட்டில் இருக்கிறது" என்றால் ஆள் வளர்ப்பவர் இல்லை, இடைத்தரகர்.

"ராணுவத்தில் இருக்கிறேன், மாற்றல் வந்துவிட்டது, நாய் இலவசம், வண்டி வாடகை மட்டும் அனுப்புங்கள்" என்பது பழைய பாட்டு. நாயைத் தொட்டுப் பார்க்கும் முன் ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம். நம் கணக்குக்குப் பணம் வர யுபிஐ பின் தேவையே இல்லை. பின்னைப் போடச் சொன்னால் பணம் போகப் போகிறது என்று அர்த்தம். ஏமாந்துவிட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தை முடக்கிவைக்க அவ்வளவு வாய்ப்பு.

3. ஊசி அட்டையைப் படிப்பது

முக்கால்வாசிப் பேர் சறுக்குவது இங்கேதான். "45 நாள் குட்டி, எல்லா ஊசியும் போட்டாச்சு" என்று எழுதியிருப்பார்கள். கணக்குப் போடுங்கள். பார்வோ, டிஸ்டம்பர் என்ற இரண்டு உயிர்க்கொல்லி வைரஸ் நோய்களுக்கான கூட்டு ஊசி (கடைகளில் செவன் இன் ஒன், நைன் இன் ஒன் என்பார்கள்) தொடங்குவதே 6 முதல் 8 வாரத்தில். பிறகு 3-4 வாரத்துக்கு ஒருமுறை, 16 வாரம் வரை. ரேபிஸ் ஊசி 12 வாரத்தில். 45 நாள் என்பது ஆறரை வாரம்கூட ஆகவில்லை. அதிகபட்சம் ஒரு டோஸ் போட்டிருக்கலாம், அவ்வளவுதான். அட்டையில் ரேபிஸும் இருந்தால் வயது பொய், அல்லது ஊசி பொய்.

ஏன் 16 வாரம்? தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடலில் இருக்கும்வரை அது ஊசி மருந்தையும் சேர்த்து முறியடித்துவிடும். அது எந்த வாரத்தில் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். "ரெண்டு ஊசி போட்டோமே, அப்புறமும் பார்வோ வந்துடுச்சே" என்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

அட்டையில் மருந்துக் குப்பியிலிருந்து உரித்து ஒட்டிய ஸ்டிக்கர் இருக்க வேண்டும். அதில் பேட்ச் எண், காலாவதித் தேதி இருக்கும். ஊசி போட்ட தேதி அதற்கு முன்னதாக இருக்கிறதா பாருங்கள். பக்கத்தில் டாக்டரின் கையெழுத்து, பதிவு எண். மூன்று மாதப் பதிவுகள் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியது போல இருந்தால் சந்தேகப்படலாம். கிளினிக்கைக் கூப்பிட்டுக் கேட்பதென்றால் எண்ணை நீங்களே தேடி எடுங்கள். அட்டையில் இருப்பதை நம்ப வேண்டாம். ஸ்டிக்கர் இல்லையா? ஊசியே போடவில்லை என்று வைத்துக்கொண்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். ஒரு டோஸ் கூடிப்போனால் கெடுதல் இல்லை, குறைந்தால்தான் ஆபத்து.

வயதைப் பல்லிலும் பார்க்கலாம். 8 வாரத்தில் 28 பால் பற்களும் வந்திருக்கும். சுண்டுவிரலைக் கடைவாய் வரை விட்டுத் தடவும்போது வெறும் ஈறாக வழுவழுவென்று இருந்தால் குட்டி ஒரு மாதத்தைத் தாண்டியிருப்பதே சந்தேகம். அதைத்தான் "சின்ன சைஸ் ஜாதி" என்று விற்பார்கள். 8 வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக்கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகள் சொல்கின்றன. ஆகவே "45 நாள் குட்டி" விளம்பரமே விதிமீறல்தான்.

4. காப்பகத்தில் கேட்க வேண்டியது

1959-இல் தொடங்கிய புளூ கிராஸ், அடையாறில் பெசன்ட் நினைவு விலங்கு மருந்தகம் என்று சென்னையில் பழைய இடங்கள் உண்டு. எங்கே போனாலும் அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வாடகை வீடென்றால் உரிமையாளரின் சம்மதம் ஆகியவற்றைக் கையில் வைத்திருங்கள். நூறு கேள்வி கேட்கிறார்களே என்று சலித்துக்கொள்ள வேண்டாம். கேள்வியே கேட்காமல் நாயைத் தூக்கிக் கொடுக்கும் இடத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி: இந்த நாய் எந்தத் தேதியில் உள்ளே வந்தது? பார்வோ தொற்றினால் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் தெரிந்துவிடும். டிஸ்டம்பர் இன்னும் தாமதமாகக் காட்டும். குட்டி நேற்றுத்தான் வந்தது என்றால், பெயரைச் சொல்லிவைத்துவிட்டு இரண்டு வாரம் கழித்துப் போங்கள். குட்டிதான் வேண்டுமென்றால் என் சிபாரிசு, தன்னார்வலர் வீட்டில் தற்காலிகமாக வளர்ந்துவரும் குட்டி. கூட்டத்தில் இல்லாததால் தொற்றும் குறைவு, அதன் குணத்தைச் சொல்லவும் ஆள் இருக்கும்.

5. கைவைத்துப் பார்ப்பது

ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் உண்ணிக் காய்ச்சலோ புழுவோ இருக்கலாம். காது மடிப்பிலும் கால்விரல் இடுக்கிலும் உண்ணி தேடுங்கள். உடம்பு ஒல்லி, வயிறு மட்டும் பானை என்றால் புழு. அது மருந்தில் சரியாகிவிடும். கண்ணில் பீளை, மூக்கில் சளி, இருமல் மூன்றும் சேர்ந்திருந்தால் டாக்டர் பார்க்காமல் எடுக்காதீர்கள். வெள்ளை ராஜபாளையம் என்றால் பின்னால் நின்று சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். அந்த இனத்தில் பிறவிச் செவிடு உண்டு.

6. கூட்டி வரும் நாளும் முதல் இரண்டு வாரமும்

புது நாய் ஓடிப்போவது பெரும்பாலும் ஆட்டோவில் ஏறும்போதோ கேட் திறக்கும்போதோதான். கழுத்துப் பட்டைக்கு ஒரு கயிறு, ஹார்னஸுக்கு (மார்பைச் சுற்றி மாட்டும் பட்டை) இன்னொரு கயிறு, இரண்டும் கையில் இருக்கட்டும். பட்டைக்குள் இரண்டு விரல் மட்டும் நுழைய வேண்டும். மூன்று நுழைந்தால் தலையை உருவிக்கொண்டு போய்விடும். ஒரு இழுப்புக்கு நீண்டு சுருங்கும் ரோல் கயிறு வேண்டவே வேண்டாம்.

முதல் வாரம், அங்கே சாப்பிட்டதையே கொடுங்கள். பிறகு புது உணவைக் கால்பங்காகக் கலந்து ஒரு வாரத்தில் முழுதாக மாற்றுங்கள். பசும்பாலை ஊற்றிவிட்டு "பேதியாகிறது" என்று கவலைப்படுவது வழக்கமான கதை. குளிப்பாட்டவும் அவசரம் வேண்டாம். உண்ணிக்கு முதுகில் சொட்டு மருந்து விட்டிருந்தால் முன்னும் பின்னும் இரண்டு நாள் தண்ணீரே கூடாது.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் 14 நாள் தனி அறை, தனிக் கிண்ணம்.

பின்சேர்க்கை

பார்வோவில் நாய் இறந்த வீட்டில் அடுத்த குட்டி வைக்கலாமா என்று பலர் கேட்டார்கள். அந்தக் கிருமி மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், பினாயிலுக்குச் சாகாது. தரையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, 1 பங்கு பிளீச் திரவத்துக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி 10 நிமிடம் ஊறவிடுங்கள். மண் தோட்டத்தில் இது பலிக்காது. அங்கே ஊசி முழுதும் முடிந்த வளர்ந்த நாயைத்தான் விட வேண்டும்.

தோலுக்கடியில் அடையாளச் சிப் வைத்த நாயை வாங்கினால், டாக்டரிடம் ஸ்கேன் செய்து 15 இலக்க எண்ணை அட்டையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பழைய உரிமையாளரிடம் தேதி போட்ட கையெழுத்துக் கடிதம் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு மாதம் கழித்து "நாயைத் திருப்பிக் கொடு" என்று வந்து நின்றால் அந்தக் கடிதம்தான் பேசும்.