அப்பாவுக்குக் கல்வெட்டு அடிக்கிறது எப்பிடி (நான் பட்ட பாட்டிலையிருந்து)

செத்தவீடும் காடாத்தும் முடிஞ்ச கையோடை சொந்தத்துக்குள்ளை ஆராவது ஒராள் கேப்பார், "கல்வெட்டு ஆர் பாக்கிறது?" எண்டு. எங்கடை வீட்டிலை அது என்ரை தலையிலை விழுந்துது, தம்பி கனடாவிலை, தங்கச்சிக்குக் கைக்குழந்தை. யாழ்ப்பாணத்து ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை, 31ஆம் நாள் அந்தியேட்டி முடிய வந்த சனத்துக்குக் கையிலை குடுக்கிற அந்தச் சின்னப் புத்தகம்தான். 31 நாள் எண்டாலும் உங்களுக்குக் கிடைக்கிறது ஒரு பதினைஞ்சு நாள்தான், எட்டுச்செலவு (எட்டாம் நாள் சடங்கு) முடியுமட்டும் ஒருத்தருக்கும் மண்டை வேலை செய்யாது, கடைசி ஒரு கிழமையைப் பிரஸ்காரருக்கு விட வேணும்.

பிரஸ்சிலை ரெடிமேட்டா ஒண்டு வைச்சிருப்பினம், பேரையும் ஊரையும் மாத்தினாச் சரி. நாங்கள் முதல் குடுத்த இடத்திலை வந்த புரூவிலை "மக்கள் புலம்பல்" பகுதியிலை ஐஞ்சு பிள்ளையள் அழுகினம், நாங்கள் மூண்டு பேர்! மனைவி புலம்பலை அம்மாவுக்கு வாசிச்சுக் காட்ட, "நான் எப்ப உப்பிடிப் புலம்பினனான்" எண்டு கேட்டா. பஞ்சபுராணம், சிவபுராணம், கந்தசஷ்டி கவசம் எல்லாம் அவையளிட்டை இருக்கிறதையே போடுங்கோ, அது எல்லாருக்கும் ஒண்டுதான். வாழ்க்கை வரலாற்றை மட்டும் குடுக்காதேங்கோ. "அன்புக் கணவராய், பாசமிகு தந்தையாய்" எண்ட வரிக்குள்ளை ஊரிலை எந்த அப்பாவையும் தூக்கி வைக்கலாம், உங்கடை அப்பா அதுக்குள்ளை இருக்கமாட்டார்.

முதல் வேலை, உயிர் போன நேரத்தை எழுதி வையுங்கோ. நாளை மட்டும் எழுதினாக் காணாது, திதி நடுச்சாமத்திலை மாறுற சாமானில்லை, காலமை ஒரு திதியும் பின்னேரம் இன்னொண்டும் இருக்கும். ஐயரிட்டைக் கேட்டு மாதம், பூர்வபக்கமோ அபரபக்கமோ (வளர்பிறையோ தேய்பிறையோ), திதி எல்லாம் உறுதிப்படுத்திப்போட்டுத்தான், செத்த திதியைப் பாட்டாச் சொல்லுற திதி வெண்பாவுக்கு ஆளைப் பிடிக்க வேணும். வருசா வருசம் திவசம் வாற திகதி மாறும், பத்து வருசம் போகப் பேரப்பிள்ளையள் கல்வெட்டைத் திறந்து பாக்கிறது அந்த நாலு வரிக்காகத்தான். பிறந்த நாளிலையும் கவனம், அப்பாவுக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்திலை ஒரு நாள், சாதகத்திலை வேறை ஒரு நாள். நாங்கள் சாதகத்தைத்தான் எடுத்தது.

இனித்தான் கஸ்டமான வேலை, அம்மாவைக் கதைக்க வைக்கிறது. நான் விசரி மாதிரி அவவைக் கதிரையிலை இருத்தி, போனிலை ரெக்கோர்டரையும் போட்டு, "அப்பாவைப் பற்றிச் சொல்லுங்கோ" எண்டு கேட்டன். "நல்ல மனிசன்" எண்டா, அவ்வளவுதான், பிறகு அழுகை. மூண்டு நாள் கழிச்சு நான் சம்பலுக்குத் தேங்காய் துருவேக்கை தானாச் சொல்லுறா, "உது அவற்றை வேலையெல்லே". கேட்டா, கலியாணம் கட்டின காலத்திலையிருந்து விடியப்புறத்திலை தேங்காய் துருவி மூடி வைச்சிட்டுத்தான் தான் மனேச்சரா இருந்த கூட்டுறவுச் சங்கக்கடைக்குப் போறவராம். நாங்கள் பிள்ளையள் ஒருத்தரும் அதைக் கவனிக்கவேயில்லை, தேங்காய்ப்பூ தானா வாற சாமான் எண்டுதான் இவ்வளவு காலமும் இருந்திருக்கிறம். அதாலை, பேட்டி எடுக்காதேங்கோ. கறி வெட்டேக்கை, உடுப்பு மடிக்கேக்கை பக்கத்திலை இருங்கோ, "எப்பிடிப்பட்டவர்" எண்டு கேக்காமல் "காலமை எழும்பினவுடனை என்ன செய்வார்", "எதுக்குக் கோவம் வரும்" எண்டு கேளுங்கோ. ஒரு கொப்பியிலை அப்பவே எழுதுங்கோ, இரவுக்கு மறந்துபோம்.

வயசுபோன ஆக்களிட்டை வருசம் கேட்டால் ஏலாது. "81இலை யாழ்ப்பாண லைப்ரரி எரிஞ்சது உங்களுக்குக் கலியாணத்துக்கு முன்னமோ பிறகோ", "இந்தியன் ஆமி வரேக்கை எங்கை இருந்தனியள்", "சைக்கிள் டைனமோவிலை ரேடியோ கேட்ட காலத்திலையோ" எண்டு கேட்டுப் பாருங்கோ, கடகடவெண்டு வரும். 95 ஒக்டோபர் 30, சண்டையாலை வலிகாமத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்த நாள் எண்டால், அங்கை வீட்டுக்கு வீடு ஒரு கதை இருக்கும். எங்கடை சித்தப்பா அப்பிடிக் கேக்கேக்கைதான் சொன்னவர், அண்டைக்கு இரவு அப்பா சைக்கிள் கரியரிலை கட்டினது அம்மான்ரை தையல் மெசின்ரை தலையாம், சங்கக் கணக்குப் புத்தகங்களை மேசையிலை அடுக்கி வைச்சிட்டு வந்தவராம். ஒரு சதம் பிழைச்சால் நித்திரை கொள்ளாத மனேச்சர்! நாவற்குழிப் பாலம் வரைக்கும் அந்தச் சனத்துக்குள்ளை அதைத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறார். பிறகு மீசாலையிலை நாங்கள் சாப்பிட்டது அந்த மெசினாலைதான்.

படங்கள் எங்களிட்டை ஒண்டும் இல்லை, எல்லாம் அந்த இடப்பெயர்வோடை சரி. அப்பிடியெண்டா வெளிநாட்டுச் சொந்தங்களைப் பிடியுங்கோ, அந்தக் காலத்திலை கலியாணப்படம் கடிதத்தோடை போயிருக்கும். எங்களுக்கு லண்டன் மாமியிட்டை அகப்பட்டது. போனாலை படம் எடுத்து அனுப்பச் சொல்லாதேங்கோ, சின்னப் படமெண்டால் 600 டிபிஐயிலை ஸ்கான் பண்ணி வாட்ஸப்பிலை டொக்கியூமென்ற்றாப் போடச் சொல்லுங்கோ, சும்மா படமாப் போட்டால் அது நசிச்சுப்போடும், அச்சிலை முகம் கலங்கும்.

வம்சாவளியிலைதான் சண்டை வரும். ஆற்றையும் பேர் விடுபட்டால் அந்தியேட்டிப் பந்தலிலையே கதை துவங்கிவிடும். அப்பா பக்கம் ஒரு மூத்த ஆள், அம்மா பக்கம் ஒரு மூத்த ஆள், ரெண்டு பேரும் பாத்துச் சரியெண்ட பிறகுதான் ரைப் பண்ணக் குடுங்கோ. செத்துப்போன குழந்தையளின்ரை பேரையும் கேளுங்கோ.

நடுவிலை பின் அடிக்கிற புத்தகமெண்டால் பக்கம் நாலின்ரை பெருக்கத்திலை வர வேணும், 24, 28, 32 எண்டு. எங்களுக்கு 30 வந்துது, மிச்ச ரெண்டிலை அப்பான்ரை கையெழுத்திலை இருந்த ஒரு கணக்குத் துண்டைப் போட்டம், கனபேர் அந்தப் பக்கத்தைத்தான் திரும்பத் திரும்பப் பாத்தவை. பிடிஎஃப்பையும் வாங்கி வையுங்கோ, வெளிநாட்டுக்கு அனுப்பலாம். நூலகம் எண்ட இணையத்தளத்திலை இப்பிடியான நினைவு மலர்களையும் சேத்து வைக்கினம், ஒரு பிரதி அங்கையும் குடுங்கோ.

கடைசிப் புரூவை அம்மாவுக்குக் காட்டாமல் அடிக்கக் குடுக்காதேங்கோ. தட்டுப்பாட்டுக் காலத்திலை அம்மா ஒரு கிலோ சீனி எடுத்து வைக்கச் சொல்லிக் கேட்க, அப்பா "வரிசையிலை வா" எண்டு சொன்ன கதையை நான் எழுதியிருந்தன், வெட்டச் சொல்லுவாவோ எண்டு பயம். கண்ணாடியைப் போட்டு ரெண்டு தரம் வாசிச்சா.

"ஒரு கிலோ இல்லைப் பிள்ளை, அரைக்கிலோதான் கேட்டனான். அதை மாத்து."