பழைய காப்பி லேத்: வாங்கும்போதும் மேம்படுத்தும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய காப்பி லேத்தை, அதாவது ஒரு மாதிரியை நகலெடுத்து மரத்தைக் கடையும் இயந்திரத்தை, பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் மோட்டாரை ஓடவிடச் சொல்கிறார்கள். சத்தமில்லாமல் ஓடிவிட்டால் பாதி முடிவு அங்கேயே எடுத்தாகிவிடுகிறது. ஆனால் அந்த இயந்திரத்தில் மிகச் சுலபமாக மாற்றக்கூடிய பாகமே மோட்டார்தான். நல்ல மோட்டாரோ, புதுப் பெயின்ட்டோ, ஒரே மாதிரி நாற்காலிக் கால்களை வரிசையாகக் கடைந்து தரப்போவதில்லை.

காப்பி லேத்தின் மதிப்பு முழுக்க நகலெடுக்கும் பகுதியில்தான் இருக்கிறது. ஒரு மாதிரித் தகடு, அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே போகும் தொடுமுனை, அதோடு சேர்ந்து முன்னும் பின்னும் அசையும் உளி, இவற்றைத் தாங்கி நீளவாக்கில் நகரும் கேரேஜ். அமெரிக்கரான தாமஸ் பிளாஞ்சார்ட் 1819இல் துப்பாக்கிக் கட்டைகளைச் செதுக்கக் காப்புரிமை வாங்கிய இயந்திரத்தின் அமைப்பு வேறு. அதில் மாதிரியும் கட்டையும் சேர்ந்தே சுழன்றன. ஆனாலும் தொடுமுனை எவ்வளவு அசைகிறதோ, வெட்டும் முனையும் அவ்வளவுதான் அசைய வேண்டும் என்ற அடிப்படை அப்போதும் இதேதான். இரண்டுக்கும் நடுவில் எங்காவது ஆட்டம் இருந்தால் அது அப்படியே மரத்தில் தெரியும். அதுவும் இரட்டிப்பாக: உளி அரை மில்லிமீட்டர் பின்வாங்கினால், கடைந்த காலின் விட்டம் ஒரு மில்லிமீட்டர் கூடிவிடும்.

ஆகவே வாங்கப் போகும்போது முதல் வேலை, மின்சாரம் இல்லாத நிலையில் கையால் ஆட்டிப் பார்ப்பது. உளிப் பிடியைப் பிடித்து முன்னும் பின்னும் அழுத்துங்கள். தொடுமுனை அசையாமல் உளி மட்டும் அசைந்தால், இணைப்பில் தேய்மானம் இருக்கிறது. அப்புறம் கேரேஜை, அது நகரும் அடித்தளமான பெட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். ஓரிடத்தில் தளர்வாகவும் வேறிடத்தில் இறுக்கமாகவும் போனால், பெட் ஒரே சீராகத் தேயவில்லை என்று அர்த்தம். பக்கத்துத் திருகுகளை இறுக்கினால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்லலாம். தேய்ந்த இடத்துக்கு ஏற்ப இறுக்கினால், தேயாத இடத்தில் கேரேஜ் சிக்கிக்கொள்ளும். அதற்குத் திருகு தீர்வே இல்லை.

கட்டையைச் சுழற்றும் தண்டான ஸ்பிண்டிலையும் இதே போலச் சோதிக்க வேண்டும். அதன் ஆட்டத்தை அளக்க டயல் கேஜ் இருந்தால் கையோடு கொண்டு போங்கள். கட்டையின் மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக்கை, ஸ்பிண்டில் இருக்கும் ஹெட்ஸ்டாக் பக்கம் நகர்த்தி, இரண்டு கூர்முனைகளும் நேருக்கு நேர் சந்திக்கின்றனவா என்று பாருங்கள். சந்திக்காவிட்டால், நேரான தகட்டை வைத்துக் கடைந்தாலும் கட்டை நேர் உருளையாக வராது. ஒரு முனை பெருத்தோ சிறுத்தோ போகும்.

அடுத்த தவறு, இல்லாத பாகங்களைச் சின்ன விஷயமாக நினைப்பது. சாதாரண லேத்துக்குக் கட்டையைப் பிடிக்கும் சக் ஒன்று இல்லையென்றால் வாங்கிக்கொள்ளலாம். காப்பி லேத்துக்குத் தொடுமுனைப் பிடி, தகடு பொருத்தும் கிளாம்புகள், கட்டையைத் தாங்கிக்கொண்டு கூடவே வரும் வளையம் ஆகியவை அந்தந்த மாடலுக்கென்றே வார்க்கப்பட்டவை. குறிப்பாக அந்த வளையம். சில இயந்திரங்களில் முதல் உளி சதுரக் கட்டையை உருட்டும், உருண்ட பகுதி வளையத்துக்குள் நுழையும், பின்னால் வரும் உளி உருவத்தைக் கடையும். வளையம் தொலைந்துபோன இயந்திரத்தில் நீளமான மெல்லிய கால்கள் அதிர்ந்து, மேற்பரப்பெல்லாம் அலை அலையாக வரும். நீளம் தடிமனைவிடப் பத்து மடங்குக்கு மேல் போனால் தாங்கல் வேண்டும் என்பது கடைசல்காரர்கள் பொதுவாக வைத்திருக்கும் கணக்கு. படிக்கட்டுக் கைப்பிடிக் கால்கள் இந்தக் கணக்கைச் சாதாரணமாகத் தாண்டிவிடும்.

ஸ்பிண்டிலின் மரையை அளக்காமல் சக் வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. 1 அங்குல விட்டத்தில் அங்குலத்துக்கு 8 மரை, எம் 33 × 3.5 (33 மில்லிமீட்டர் விட்டம், 3.5 மில்லிமீட்டர் மரை இடைவெளி) இரண்டும் இன்றைக்கும் சுலபமாகக் கிடைக்கும். பழைய இயந்திரங்களில் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் மரை இருக்கலாம். அதன் கோணம் 55 பாகை, மற்றவை 60 பாகை. முதல் ஓரிரு சுற்று பொருந்துவதுபோலத் தோன்றும், அதற்குமேல் வலுக்கட்டாயமாகத் திருப்பினால் ஸ்பிண்டிலே பாழ். கூம்புத் துளை எம்டி 1ஆ எம்டி 2ஆ (எம்டி என்பது மோர்ஸ் கூம்பு அளவு) என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எம்டி 2 என்றால் வாய்ப்பகுதியில் ஏறத்தாழ 17.8 மில்லிமீட்டர், எம்டி 1 ஏறத்தாழ 12 மில்லிமீட்டர்.

சரி, வாங்கியாகிவிட்டது. வண்டியில் ஏற்றும்போது ஸ்பிண்டிலிலோ கேரேஜிலோ கயிறு கட்டித் தூக்கவே கூடாது. மோட்டாரைக் கழற்றிவிட்டு, டெயில்ஸ்டாக்கைப் பூட்டி, பெட்டில் கட்டித் தூக்குங்கள். வார்ப்பிரும்பு அதிகம் வளையாது, உடைந்துவிடும்.

மேம்படுத்தும் கட்டத்தில் பலரும் நேராக வேகக் கட்டுப்பாட்டுக்குப் போய்விடுகிறார்கள். நான் அதைக் கடைசியில்தான் வைப்பேன். முதலில் இயந்திரத்தைத் தரையில் சமமாக உட்கார வைக்க வேண்டும். மேடுபள்ளமான தரையில் நான்கு போல்ட்டையும் இறுக்கினால் பெட் முறுக்கிக்கொள்ளும், கூர்முனைகள் விலகும். இயந்திரத்தின் ஒவ்வொரு காலுக்கும் கீழே தேவையான மெல்லிய உலோகத் தகட்டைச் செருகி, இறுக்கிய பிறகு கூர்முனைகளை மறுபடி சரிபாருங்கள். அப்புறம் மாதிரித் தகட்டின் தாங்கிக் கம்பி, கூர்முனைகளை இணைக்கும் கோட்டுக்கு இணையாக இருக்கிறதா என்று அளந்துகொள்ளுங்கள். நேரான விளிம்புள்ள தகட்டை மாட்டி ஒரு கட்டையைக் கடைந்து, இரண்டு முனைகளிலும் வெர்னியரால் அளந்தால் பிசகு உடனே தெரிந்துவிடும்.

பிறகு வருவது தொடுமுனை. என் பார்வையில் காப்பி லேத்தில் அதிகம் கவனிக்கப்படாத இடம் இதுதான். தொடுமுனையின் உருண்டையும் உளி நுனியின் உருண்டையும் ஒரே அளவாக இருக்க வேண்டும். தொடுமுனையின் ஆரம் 3 மில்லிமீட்டர், உளி நுனியின் ஆரம் 1 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். உளியை 2 மில்லிமீட்டர் உள்ளே தள்ளி விட்டத்தைச் சரிசெய்துவிடலாம். ஆனால் பக்கச் சுவர்கள் சரியாகாது: ஒவ்வொரு மணியும் (உருண்ட மேடு) பக்கத்துக்கு 2 என மொத்தம் 4 மில்லிமீட்டர் அகலமாகும், ஒவ்வொரு பள்ளமும் 4 மில்லிமீட்டர் குறுகும். தகடு மோசம் என்று திரும்பத் திரும்ப வெட்டி மாற்றுபவர்களில் பலருக்கு உண்மையான கோளாறு இங்கேதான் இருக்கும். உளியைச் சாணை பிடிக்கும்போதும் நுனியின் வடிவம் மாறாமல் பார்த்துக்கொள்ள, தொடுமுனையின் வடிவத்தில் ஒரு சின்னத் தகடு வெட்டி வைத்துக்கொண்டு ஒப்பிட்டால் போதும்.

தகட்டை எம்டிஎஃப் பலகையில் வெட்டினால் சீக்கிரம் விளிம்பு நசுங்கும். நல்ல பிளைவுட்டோ அக்ரிலிக்கோ நீடிக்கும். நிறைய எண்ணிக்கை என்றால் அலுமினியம். விளிம்பில் மெழுகு தேய்த்துவிட்டால் தொடுமுனை வழுக்கிக்கொண்டு போகும். தொடுமுனையை அழுத்தும் ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் இறுக்கினால் பிளைவுட் விளிம்பும் தாங்காது. இன்னொன்று, செங்குத்தான தோள்களைத் தகட்டில் வரைந்துவிட்டு, இயந்திரம் அப்படியே கடையும் என்று எதிர்பார்க்காதீர்கள். உளி நுனியின் கோணம் எவ்வளவு இடம் கொடுக்கிறதோ அவ்வளவு சரிவுதான் வரும். மீதியைக் கையுளியால் முடிக்க வேண்டும்.

பேரிங் மாற்றும்போது, தண்டில் ஏற்ற உள்வளையத்தையே அழுத்துங்கள். வெளிவளையத்தில் தட்டினால் புதுப் பேரிங்கும் அன்றைக்கே கெடும். பெட்டின் மேல் கிரீஸ் பூசாதீர்கள். மரத்தூள் ஒட்டி அரைத்துவிடும். மெல்லிய மெழுகுப் பூச்சு போதும்.

இப்போது மோட்டாருக்கு வரலாம். மூன்று ஃபேஸ் மோட்டார் என்று பார்த்து ஓடிவிட வேண்டாம், அது நல்ல விஷயமே. மோட்டாரின் பெயர்த்தகட்டில் 230/400 வோல்ட் என்று இருந்தால், இணைப்பை டெல்டாவுக்கு (முக்கோண இணைப்பு) மாற்றி, 230 வோல்ட் ஒற்றை ஃபேஸில் வேலை செய்யும் விஎஃப்டியால் (மோட்டாரின் வேகத்தை மாற்றும் மின்னணுக் கருவி) ஓட்டலாம். கபாசிட்டர் வைத்துத் தொடங்கும் ஒற்றை ஃபேஸ் மோட்டாருக்கு விஎஃப்டி மாட்டுவது வீண்செலவு. விஎஃப்டிக்கும் மோட்டாருக்கும் நடுவில் பழைய சுவிட்சை விட்டுவைக்காதீர்கள். ஓடும்போது அதை அணைத்தால் விஎஃப்டி பழுதாகலாம். தொடங்குவதும் நிறுத்துவதும் அதன் கட்டுப்பாட்டு முனைகள் வழியாகவே நடக்கட்டும். வேகத்தை மிகவும் குறைத்து நீண்ட நேரம் ஓட்டினால், மோட்டாரின் சொந்த விசிறி மெதுவாகச் சுற்றி, மோட்டார் சூடாகும். அதனால் பெல்ட்டை மாற்றிப் போடும் கப்பிப் படிகளையும் பயன்படுத்துங்கள்.

வேகத்தைக் கூட்ட முடிகிறது என்பதற்காகக் கூட்ட வேண்டியதில்லை. அங்குலத்தில் விட்டத்தையும் நிமிடச் சுற்றையும் பெருக்கினால் 6000க்கும் 9000க்கும் நடுவில் வர வேண்டும் என்பது பொது விதி. 3 அங்குலக் கட்டைக்கு 2000 முதல் 3000 சுற்று. நீளமான கட்டைக்கும் சமநிலையில்லாத கட்டைக்கும் இதைவிடக் குறைவாகத் தொடங்குங்கள்.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். அதை உலர்வாக உப்புத்தாள் போட்டுத் தேய்க்காமல், ரசாயன நீக்கியால் எடுங்கள். துணி சுற்றிய பழைய ஒயர்களை மொத்தமாக மாற்றி, எர்த் இணைத்து, மின்சாரம் போய் வந்தால் தானாக ஓடாத சுவிட்ச் ஒன்றைப் போடுங்கள். பெல்ட் மூடி தொலைந்திருந்தால், முதல் கட்டையை ஏற்றும் முன்பே புதிதாக ஒன்று செய்து மாட்டிவிடுங்கள்.