பழைய ரேஸ் பைக்குக்கு அதன் காலத்து பிரேக் தேடுவது எப்படி?

முதலில் பைக்கின் ஆண்டைச் சரியாகப் பிடியுங்கள், பிரேக்கை அப்புறம் பார்க்கலாம். 1969இல் ஹொண்டா சிபி 750 முன்சில்லில் ஹைட்ரோலிக் டிஸ்க் பிரேக்கோடு (சில்லோடு சுழலும் தட்டை இருபுறமும் அமுக்கிப் பிடிப்பது) வந்தது உண்மைதான், ஆனால் அதோடு ட்ரம் பிரேக் (சில்லின் நடுவிலுள்ள உருளைக்குள் ஷூ எனும் இரண்டு வளைந்த கட்டைகள் விரிந்து உரசிப் பிடிப்பது) ஒழிந்துபோகவில்லை, யமஹாவின் டி.இசட். 350 ரேஸ் பைக் 1973இலும் முன்னால் ட்ரம்மோடுதான் வந்தது. ஆகவே "எழுபதாம் ஆண்டு பைக்தானே, டிஸ்க் பூட்டுவோம்" என்று அவசரப்படாமல் உங்கள் மொடலின் பாகப் பட்டியலையும், ஓடப்போகும் வகுப்பின் விதிகளையும் பாருங்கள்.

கொழும்பில் வாகனப் பாகங்கள் விற்கும் பஞ்சிகாவத்தையில் ட்ரம் தேடுகிறவர்கள் மூடித்தட்டின் வெளிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே இரண்டு பிரேக் கைகளை (ஷூவை விரிக்கும் நெம்புகளை) ஒரு கம்பி இணைத்திருந்தால் இரண்டு ஷூவும் ட்ரம்மின் சுழற்சியோடு இழுபட்டுத் தானாகவே இன்னும் இறுகும் வகை. முன்சில்லுக்கு அதுதான் வேண்டும். ஒரு குறை, பைக் பின்னால் உருளும்போது அது சரியாகப் பிடிக்காது. நுவரெலியா மகாகஸ்தொட்டையில் மலையேற்றப் பந்தயம் ஓடுகிறவர்கள் ஸ்டார்ட் கோட்டில் பின் பிரேக்கை நம்புவதே நல்லது.

வாங்கும் முன் ட்ரம்மின் உட்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், மேடான வரம்பு தட்டுப்பட்டால் லேத்தில் கடைய வேண்டும். ஸ்போக் துளைகளைச் சுற்றி வெடிப்பு இருந்தால் விலை என்னவானாலும் வைத்துவிட்டு வாருங்கள்.

கடைசலில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வெறும் ட்ரம்மைக் கடைந்துவிட்டு ஸ்போக் கட்டினால் ஸ்போக்கின் இழுவையில் வட்டம் கோணிவிடும், பிறகு லீவர் கையில் துடிக்கும். சில்லை முழுதாகக் கட்டி, ஸ்போக்கை இறுக்கிய பின்பே கடையுங்கள். பதினெட்டு அங்குலச் சில்லு ஏறுகிற லேத் எல்லாப் பட்டறையிலும் இருக்காது, கேட்டுவிட்டுப் போங்கள். அதன் பிறகு ஷூவில் கொஞ்சம் தடிப்பான லைனிங் (உரசும் பட்டை) ஒட்டி, அந்த ட்ரம்மின் அளவுக்கே ஷூவைக் கடைய வேண்டும். பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் இருக்கலாம், தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.

பூட்டும்போது இணைப்புக் கம்பியின் ஒரு பக்க ஊசியைக் கழற்றி, இரண்டு கைகளையும் தனித்தனியாக ஷூ தொடும் வரை திருப்புங்கள். அந்த நிலையில் ஊசி பலவந்தமின்றி நுழையும் அளவுக்குக் கம்பியின் நீளத்தைச் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் ஒரு ஷூதான் வேலை செய்யும். அச்சு நட்டை பிரேக்கைப் பிடித்தபடியே இறுக்கினால் மூடித்தட்டு நடுவில் அமரும். கடைசியாகக் கேபிள்: பிரேக் பிடிக்கும் கணத்தில் கேபிளும் அது இழுக்கும் பிரேக் கையும் ஏறக்குறைய 90 பாகையில் நிற்க வேண்டும், அதைத் தாண்டினால் எவ்வளவு இழுத்தும் பலம் குறைந்துகொண்டே போகும்.