எம்எக்ஸ்-5 டிக்கியைப் பட்டனில் திறக்கலாம்: வீட்டிலேயே செய்யும் முறை

1989-இல் வந்த முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 காரில் பேட்டரி பானெட்டுக்குள் இல்லை. டிக்கிக்குள் வலதுபக்கம் இருக்கிறது. அதனால் தொடங்கும் முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன். பட்டன் வந்துவிட்டதே என்று சாவித் துவாரத்தை அடைத்துப் பெயின்ட் அடித்துவிடாதீர்கள். பேட்டரி இறங்கினால் மோட்டார் இழுக்காது, டிக்கி திறக்காமல் பேட்டரியைத் தொடவும் முடியாது. சாவி எப்போதும் வேலை செய்ய வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு படியும் அதை மனதில் வைத்துத்தான்.

வாங்க வேண்டியவை: சென்ட்ரல் லாக்குக்கான 12 வோல்ட் டோர் லாக் மோட்டார் (இரண்டு ஒயர் உள்ளது போதும், ஐந்து ஒயர் வேண்டாம்), நாலு முனை கார் ரிலே (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இணைக்கும் ஸ்விட்ச்), 10 ஆம்பியர் ப்யூஸும் ஹோல்டரும், விட்டால் தானே மீளும் புஷ் ஸ்விட்ச், ஒரு டயோடு (கரன்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் பாகம்), சைக்கிள் பிரேக் கேபிள். அழுத்தினால் அப்படியே நின்றுவிடும் ஸ்விட்ச் வாங்கக் கூடாது. இந்த மோட்டார் ஒரு நொடி இழுப்பதற்கானது, தொடர்ந்து கரன்ட் போனால் கருகிவிடும்.

முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். பூட்டுக்கு அருகில், இழுக்கும் திசை நேராக வரும்படி மோட்டாரைப் பொருத்துங்கள்.

அடுத்துதான் முக்கியமான இடம். மோட்டாரோடு ஒரு கம்பி வரும். அதை நேரடியாகப் பூட்டின் லீவரில் மாட்டினால் மோட்டார் நன்றாகவே திறக்கும். ஆனால் சாவியைத் திருப்பும்போது மோட்டாரையும் சேர்த்து நகர்த்த வேண்டியிருக்கும், சாவி கனக்கும். அது மட்டுமல்ல, பூட்டின் ஸ்பிரிங் மோட்டாரின் கனத்தையும் சேர்த்து இழுக்க முடியாமல் லீவர் பாதியில் நின்றுவிடும். அப்புறம் டிக்கி மூடாது. பிரேக் கேபிள் போட்டால் இரண்டு தொல்லையும் தீரும். கேபிள் இழுக்கும், தள்ளாது. இரண்டு மூன்று மில்லிமீட்டர் தொய்வு விட்டு முடுக்குங்கள். சாவி தனியாகத் திரும்பும், மோட்டார் தனியாக இழுக்கும். மோட்டார் தன் இடத்துக்குத் திரும்ப அதன் முனையில் ஒரு சின்ன ஸ்பிரிங் மாட்டுங்கள்.

சரி, இனி ஒயரிங். பேட்டரி பாசிட்டிவிலிருந்து ப்யூஸ் வழியாக ரிலேயின் 30 என்ற முனைக்கு (இங்கே வரும் 30, 87, 85, 86 எல்லாம் ரிலேயின் முனைகளுக்கான எண்கள்). ப்யூஸ் பேட்டரியை ஒட்டியே இருக்கட்டும். 87-இலிருந்து மோட்டார், மோட்டாரின் மறு ஒயர் பாடியில் எர்த். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகத்தில் இறுக்குங்கள். இந்த ஒயர்கள் 1.5 சதுர மில்லிமீட்டர். 85-ஐ எர்த் செய்து, 86-க்கு ஸ்விட்ச் வழியாக பாசிட்டிவ் கொடுங்கள். சிலர் ஸ்விட்ச்சை எர்த் பக்கம் வைக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை: ஒயரின் உறை தேய்ந்து பாடியில் பட்டாலே ஓடும் காரில் டிக்கி திறந்துவிடும். நான் சொல்லும் முறையில் ப்யூஸ்தான் போகும். டயோடின் கோடு போட்ட முனை 86-க்கு, மறுமுனை 85-க்கு.

ஸ்விட்ச்சுக்கான பாசிட்டிவை, சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ப்யூஸ் போட்ட ஒயரிலிருந்து எடுங்கள். மல்டிமீட்டரில் பார்த்து உறுதி செய்யுங்கள். டெஸ்ட் லாம்ப்பை நான் நம்புவதில்லை. கூரை திறந்த காரில் யார் வேண்டுமானாலும் கையை விட்டு அழுத்தலாம் என்பதால், ஸ்விட்ச்சை இருக்கைகளுக்கு நடுவே உள்ள பூட்டும் பெட்டிக்குள் வைத்தேன். இணைப்புகளுக்கு, முனைகளை ஒயரோடு நசுக்கி இறுக்கும் நல்ல கிரிம்பிங் டூல் வாங்குங்கள். ஒயரைக் கடித்துப் பிடிக்கும் அந்த நீலக் கிளிப்புகள் டிக்கியின் ஈரத்தில் பச்சை பூத்துவிடும்.

பேட்டரியை மாட்டி, டிக்கி திறந்திருக்கும்போதே சோதியுங்கள். ஸ்க்ரூடிரைவரால் கொக்கியைத் தள்ளிப் பூட்டிவிட்டுப் பட்டனை அழுத்துங்கள். மோட்டார் தள்ளினால் அதன் இரண்டு ஒயர்களையும் மாற்றிப் போடுங்கள். அப்புறம் சாவியாலும் திறந்து பாருங்கள். இரண்டும் சரியாக வந்த பிறகே மூடியைச் சாத்த வேண்டும்.

பின்சேர்க்கை: பட்டன் அழுத்தியும் மூடி எழாமல் திரும்பப் பூட்டிக்கொள்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். மோட்டாரில் குறையில்லை. மூடியின் ரப்பர் தாங்கிகளைக் கொஞ்சம் வெளியே திருகினால் கொக்கி விட்டவுடன் மூடி மேலே வரும்.

ரிமோட் கேட்டவர்களுக்கு: ரிமோட்டின் சிக்னலை வாங்கும் 12 வோல்ட் ஒற்றைச் சேனல் ரிசீவருக்கு 10 ஆம்பியர் ப்யூஸுக்குப் பின்னாலிருந்து பாசிட்டிவ் எடுத்து, அதன் வெளியீட்டை 86-இல் கொடுங்கள். பட்டனை அழுத்தும்வரை மட்டும் இயங்கும் நிலையில் ரிசீவரை வையுங்கள். அது எப்போதும் சிறிது கரன்ட் எடுத்துக்கொண்டே இருக்கும். வாரக்கணக்கில் காரை எடுக்கப் போவதில்லை என்றால் அந்த ப்யூஸைக் கழற்றிவிட்டு டிக்கியை மூடுங்கள்.