புது போனில் முதலில் அழிக்க வேண்டிய எண்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், கூகுள், அப்புறம் ஆட்ஸ் என்று போய் 'டிலீட் அட்வர்டைசிங் ஐடி' என்பதை அழுத்திவிடுங்கள். விளம்பரத்துக்கென்று போனுக்குக் கொடுத்திருக்கும் அடையாள எண் அழிந்துவிடும். மெனு வேறு மாதிரி இருந்தால் செட்டிங்ஸில் 'ஆட்ஸ்' என்று தேடினால் வந்துவிடும்.

வெள்ளவத்தையில் சேலை விலை பார்த்த ஆப், டாக்சி பிடித்த ஆப், கிரிக்கெட் ஸ்கோர் ஆப் எல்லாம் ஒரே ஆளின் கையில்தான் இருக்கின்றன என்று விளம்பரக்காரர்கள் கோர்த்துக்கொள்வது பெரும்பாலும் இந்த எண்ணை வைத்துத்தான். அழித்த பிறகு எந்த ஆப் கேட்டாலும் வெறும் பூச்சியங்கள்தான் போகும். விளம்பரம் நிற்காது; ஆளைப் பின்தொடர்வது குறையும்.

போனோடு வந்த கேம், ஷாப்பிங் ஆப்களுக்கு 'அன்இன்ஸ்டால்' இல்லையென்றால் 'டிசேபிள்' கொடுங்கள். இடம் முழுதாகத் திரும்பக் கிடைக்காது, ஆனால் ரீலோட் போட்ட டேட்டாவைப் பின்னால் இருந்து தின்னாது. கூகுள் பிளே சர்வீசஸை மட்டும் தொடவேண்டாம், வங்கி ஆப் உட்படப் பலதும் படுத்துவிடும்.

பழைய ஆண்ட்ராய்டு போன்களில் சிலவற்றில் எண்ணை மாற்றத்தான் முடியும், அழிக்க முடியாது. கூகுள் கணக்கில் இருந்தபடி தேடுவதைக் கூகுள் பதிந்துவைப்பதும் இதனால் நிற்காது. அதற்குக் கணக்கின் 'வெப் அண்ட் ஆப் ஆக்டிவிட்டி'யைத் தனியாக நிறுத்த வேண்டும். ஐபோன்காரர்கள் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி'க்குள் 'டிராக்கிங்' போய், ஆப்கள் அனுமதி கேட்பதையே அணைத்துவிடலாம்.