இரண்டு மலை, நடுவில் சூரியன்: அந்தப் படத்தைத் தாண்ட நான்கு ஓவிய வகுப்புகள்

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளிடம் தாளும் கிரேயானும் கொடுத்து, "இஷ்டம்போல வரையுங்க" என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் தென்னை மரம். பெரும்பாலும் இதுதான் வரும். கற்பனைக்கு அதில் வேலையே கிடையாது. கை பழகிப்போன படம் அது. அந்தப் படத்துக்கு ஒத்துவராத பொருளைக் கொடுத்தால் கை வேறு வழி தேடியே ஆக வேண்டும். வெண்டைக்காயை வைத்துக்கொண்டு யாரால் குடிசை வரைய முடியும்?

கீழே உள்ள அளவுகள் 3 முதல் 5ஆம் வகுப்பு வரை, 30 பிள்ளைகள், இரண்டு பீரியட் சேர்த்து 80 நிமிடம் என்ற கணக்கில்.

எல்லா வகுப்புக்கும் பொதுவான தொடக்கம்

கரி, வெண்டைக்காய், மெழுகுவர்த்தியும் மஞ்சளும், களிமண்: இந்த நான்கில் ஒரு நாளைக்கு ஒரே பொருள். நான்கையும் ஒன்றாக மேசையில் பரப்பினால் பிள்ளைகள் எதிலும் ஐந்து நிமிடம்கூட நிற்க மாட்டார்கள்.

முதல் 15 நிமிடம் படமே கிடையாது. ஒரு பழைய தாளை மூன்று முறை பாதியாக மடித்துப் பிரித்தால் 8 கட்டம் கிடைக்கும். "இதை வச்சு எட்டு விதமாத் தடம் பதிக்கணும், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்கக் கூடாது" என்று மட்டும் சொல்லுங்கள். முதல் மூன்று கட்டம் சட்டென்று நிரம்பிவிடும். ஐந்தாவதில் திணறுவார்கள். அங்கே உதவிக்குப் போகாதீர்கள், கண்டுபிடிப்பு பிறக்கும் இடம் அது. பலகையில் நீங்கள் எதையும் வரைந்து காட்டவும் வேண்டாம். வரைந்தால் முப்பது நகல்தான் திரும்பி வரும்.

வகுப்பு 1: கரி

இஸ்திரி வண்டிக்காரரிடம் கேட்டால் உடைந்த கரித்துண்டுகள் கிடைக்கும். மரக்கரியாகப் பார்த்து எடுங்கள். கொட்டாங்குச்சிக் கரி கெட்டி, தாளைக் கீறிவிடும். பளபளப்பான சார்ட்டில் கரி ஒட்டாது. டிராயிங் ஷீட்டின் சொரசொரப்பான பக்கம் நல்லது. பழுப்புத் தாளும் ஆகும்.

நுனியால் கோடு, பக்கவாட்டில் படுக்க வைத்து இழுத்தால் பட்டை, விரலால் தேய்த்தால் புகை. தாள் முழுக்கக் கரியைத் தேய்த்துவிட்டு, பிரெட்டின் மெத்தென்ற நடுப்பகுதியை உருட்டி அழித்தால் இருட்டில் வெளிச்சம் வரைந்தது போல இருக்கும். ஊதக் கூடாது என்று முதலிலேயே சொல்லுங்கள், தூள் கண்ணில் விழும். முடிந்த படங்களுக்கு நடுவே செய்தித்தாள் வைத்து அடுக்குங்கள்.

வகுப்பு 2: வெண்டைக்காய்

சமையலுக்கு ஆகாத முற்றின காய்தான் வேண்டும், அரை கிலோ. குறுக்கே நீங்களே நறுக்கிக் கொடுங்கள். நறுக்கியதும் அச்சு வைத்தால் கொழகொழப்பு சாயத்தோடு கலந்து வழுக்கும். செய்தித்தாளில் 20 நிமிடம் கவிழ்த்து வைத்துத் துடைத்துவிடுங்கள். தட்டில் மடித்த பருத்தித் துணி, அதன்மேல் 2 ஸ்பூன் போஸ்டர் கலரும் 1 ஸ்பூன் தண்ணீரும். காயைச் சாயத்தில் நேராக முக்கினால் உள்ளிருக்கும் குழிகள் அடைபட்டு வெறும் பொட்டுதான் விழும். துணியில் ஒற்றி எடுத்தால் ஐந்து இதழ் தெளிவாக வரும். தாளுக்கு அடியில் நாலைந்து செய்தித்தாள் இருந்தால் அச்சு முழுசாகப் பதியும்.

வாழை மட்டையைக் குறுக்கே வெட்டினால் பிறைக்குள் வரிசையாகக் கட்டங்கள். இதை மீன் செதிலாகவும் மாடி வீடாகவும் ஆக்குவது பிள்ளைகள் பாடு.

வகுப்பு 3: மெழுகுவர்த்தியும் மஞ்சளும்

நான்கில் இதுதான் அதிகம் கொடுக்கும், அதிகம் சொதப்பவும் செய்யும்.

ஐந்து பேர் கொண்ட ஒரு குழுவுக்கு: அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் 1 டீஸ்பூன் மஞ்சள்தூள் கலக்கி, துணியில் வடிகட்டி, நன்றாக ஆற விடுங்கள். சூடாக இருந்தால் மெழுகு இளகிவிடும். தனித்தனிக் கிண்ணங்களில் துணி சோப்பு கரைத்த நீர், எலுமிச்சைச் சாறு, வெறும் தண்ணீர். எதில் என்ன இருக்கிறது என்று சொல்லாதீர்கள்; வாயில் வைக்கக் கூடாது என்பதை மட்டும் சொல்லுங்கள்.

வெள்ளை மெழுகுவர்த்தியால் வெள்ளைத் தாளில் அழுத்தி வரையச் சொல்லுங்கள். கோடு தெரியாது, தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மினுங்கும். மேலே மஞ்சள் நீரைப் பூசினால் மெழுகு பட்ட இடம் நீரைத் தள்ளி வெள்ளையாகவே நிற்கும். கோடு தெரியவில்லையா? லேசாக அழுத்தியிருப்பார்கள். தாள் சுருங்கிக் கூழாகிறதா? அது 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) பிரிண்ட் தாள். 120க்கு மேற்பட்ட டிராயிங் ஷீட் வேண்டும்.

மஞ்சள் காய்ந்த பிறகு, பஞ்சு சுற்றிய குச்சியால் மூன்று கிண்ணங்களையும் தொட்டு வரையட்டும். சோப்பு நீர் பட்ட இடம் செக்கச் சிவக்கும், சாறு பட்டால் திரும்ப மஞ்சளாகும். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தில் சிவந்து, அமிலத்தில் பழைய நிறத்துக்கு வருகிறது. ஆரத்தித் தட்டில் நடப்பதும் இதுவே. அதற்காகச் சுண்ணாம்பை வகுப்புக்குக் கொண்டுவராதீர்கள், கண்ணில் பட்டால் புண்ணாக்கும். சமையல் சோடா போட்டால் சிவப்பு அவ்வளவாக ஏறாது, ஆரஞ்சோடு நின்றுவிடும்.

சங்குப்பூ கிடைத்தால் 15 பூவை அரை டம்ளர் வெந்நீரில் பத்து நிமிடம் ஊற வையுங்கள். அந்த நீலம் எலுமிச்சையில் ஊதாவாகும்.

சீருடையில் மஞ்சள் பட்டால், வீட்டில் சோப்பு போட்டதும் சிவந்து அம்மாக்கள் பதறுவார்கள். அலசி வெயிலில் காயப்போட்டால் நாளடைவில் வெளுக்கும் என்று முன்கூட்டியே சொல்லி அனுப்புங்கள். அதே காரணத்தால் இந்தப் படங்களை வெயில் படும் சுவரில் மாட்டக் கூடாது.

வகுப்பு 4: களிமண்

ஆளுக்குச் சாத்துக்குடி அளவு, மொத்தம் 10 கிலோ. கல், வேர் பொறுக்கி, முந்தின நாளே ஊற வைத்துப் பிசைந்தது. கையில் ஒட்டினால் ஈரம் அதிகம், வளைக்கும்போது வெடித்தால் ஈரம் குறைவு.

கை, கால், காது ஒட்டும் இடத்தில்தான் எல்லாம் உடையும். காய்ந்தபின் "மிஸ், காது விழுந்துடுச்சு" என்று வருவது இதனால்தான். இரண்டு பக்கமும் ஈர்க்குச்சியால் குறுக்கும் நெடுக்கும் கீறி, மண்ணைத் தண்ணீரில் மோர் பதத்துக்குக் கரைத்துத் தடவி அழுத்தச் சொல்லுங்கள். செய்யும் உருவத்தில் மண்ணின் கனம் விரல் தடிமனுக்குள் இருக்கட்டும். வெயிலில் வைத்தால் வெளிப்பக்கம் முதலில் சுருங்கி விரிசல் விடும். நிழலில், ஈரத்துணி போர்த்தி நாலைந்து நாள் காய வேண்டும்.

விரிசல் விட்டதைத் தூக்கி எறிய வேண்டாம். நன்றாகக் காய்ந்ததும் உடைத்து வாளித் தண்ணீரில் போட்டால் ஓரிரு நாளில் கரைந்துவிடும். சுடாத மண், அடுத்த வகுப்புக்கு ஆகும்.